நெஞ்சறை ஓசை: கேட்டவர்களும் பொருள் சொன்னவர்களும்

இதயம் 'லப்-டப்' என்று ஒலிப்பதாகப் பாடநூல் சொல்கிறது. 'லப்' என்பது சோணையறைகளுக்கும் இதயவறைகளுக்கும் நடுவேயுள்ள வால்வுகள் மூடும்போது எழும் ஓசை. 'டப்' என்பது இதயவறைகளிலிருந்து புறப்படும் பெருங்குழாய்களின் வாயிலிலுள்ள அரைமதி வால்வுகள் மூடும்போது எழும் ஓசை. பரீட்சையில் இதற்கு இரண்டு புள்ளி. இருபது வருடத்துக்கும் மேலாக நானும் இதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். இந்த இரண்டு வரியை எழுதுவதற்கு எத்தனை பேர் எத்தனை காலம் தர்க்கித்தார்கள், இடையில் பிழையான பொருளுக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில் நூலகத்தின் ஒரு மூலையில் கிடந்த மருத்துவ வரலாற்று நூலொன்று இந்த விடயத்தில் எனக்கு ஆர்வத்தை மூட்டியது. அன்று முதல் கிடைத்ததையெல்லாம் வாசித்து வந்திருக்கிறேன். நான் வைத்தியனல்லன். வரலாறு என்ற அளவிலேயே இதை எழுதுகிறேன்.

பழைய வைத்தியம் இதயத்தை மணிக்கட்டின் வழியாகவே அணுகியது. கிரேக்கத்துக் கேலனும் நாடியைப் பற்றி எழுதினார். இப்னு சீனா தமது 'கானூன்' நூலில் நாடியைப் பத்து வகைப் பண்புகளால் பிரித்து ஆராய்ந்தார். அதன் விரிவு, வேகம், வலு, இரண்டு துடிப்புகளுக்கிடையிலான ஓய்வு, ஒழுங்கு, ஒழுங்கீனம் என அப்பட்டியல் நீளும். நமது ஊர்ப் பரியாரியார் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பாரே, அந்த மரபும் இப்படிப்பட்ட ஒன்றுதான். ஆனால், நெஞ்சில் காதை வைத்து இதயத்தின் ஓசையைக் கேட்டு நோயை வகுத்ததாக இப்னு சீனாவுக்குப் பெருமை தேடுவது சரியன்று. இதை இங்கு சொல்லவேண்டியிருக்கிறது. நம்மவர் சிலர் மேடைகளில் எல்லாவற்றையும் முன்னோரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உண்மையான கணக்கே போதுமான அளவு பெரிது. இப்னு நபீஸ் 1242இல் எழுதிய விளக்கவுரையில், இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்குக் குருதி நடுச்சுவரினூடாகப் போகவில்லை, நுரையீரலைச் சுற்றியே போகிறது என்று எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதியை 1924இல் பெர்லின் நூலகத்தில் எகிப்திய மாணவர் ஒருவர் கண்டெடுக்கும்வரை உலகம் அதை மறந்திருந்தது.

1628இல் ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தைப் பற்றிய தமது சிறுநூலை வெளியிட்டார். இதயம் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் ஒரு துடிப்பு உண்டாகிறது, அதை நெஞ்சில் கேட்கலாம் என்று போகிற போக்கில் அதில் ஒரு வசனம் எழுதினார். வெனிஸ் நகர வைத்தியரான பாரிசானோ இதை எள்ளி நகையாடினார். லண்டனில் கேட்கிறதாம், வெனிஸில் உள்ள எங்களுக்குக் கேட்கவில்லையே என்பது அவருடைய வாதத்தின் சாரம். எல்லோருடைய நெஞ்சிலும் பிறந்த நாள் முதல் ஒலித்துக்கொண்டிருக்கும் ஓர் ஓசையைக் கற்றறிந்த ஒருவர் இல்லையென்று மறுத்தார். காது இல்லாததால் அல்ல, கேட்பதற்கு ஒரு காரணம் இல்லாததால்தான் அது அவருக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

காரணம் கிடைப்பதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன் லியோபோல்ட் அவன்புருக்கர், வியன்னாவிலிருந்த ஸ்பானிய வைத்தியசாலையில் வைத்தியராக இருந்தார். நோயாளியின் நெஞ்சை விரல் நுனிகளால் தட்டினால், காற்று நிறைந்த இடம் ஒரு விதமாகவும் நீர் தேங்கிய இடம் வேறு விதமாகவும் ஒலிக்கும் என்பதை அவர் கண்டார். தகப்பனின் விடுதியில் பீப்பாய்களைத் தட்டி மதுவின் மட்டம் பார்த்த பழக்கம்தான் இதற்கு வழிகாட்டியது என்பர். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இது அதிசயமாகத் தோன்றாது. ஏழு வருடம் சோதித்து, இறந்தவர்களின் உடலைத் திறந்து சரிபார்த்த பின்னரே 1761இல் அவர் லத்தீனில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். இதயம் பெருத்திருந்தால் நெஞ்சின் இடப்புறத்தில் மந்தமான ஒலி பரந்து கேட்கும் என்பதும் அதில் அடங்கும். நூலை யாரும் பொருட்படுத்தவில்லை. அவரும் அதற்காகச் சண்டை பிடிக்கவில்லை. இசையமைப்பாளர் சலியேரிக்கு ஒரு நாடகப் பாடலாக்கம் எழுதிக் கொடுத்தார், வைத்தியம் பார்த்தார், முதுமையடைந்தார்.

பிரான்சில் நெப்போலியனின் வைத்தியரான கொர்விசார் அந்நூலைக் கண்டெடுத்து, 1808இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தமது நீண்ட விளக்கங்களோடு வெளியிட்டார். தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லியிருந்தால் அன்று யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. அவன்புருக்கர் அடுத்த வருடம் இறந்தார். கொர்விசாரின் கை மிக நுட்பமான கை. இதயம் நெஞ்சுச் சுவரை முட்டும் இடத்தை அந்தக் கை தேடும். சுகதேகியான வளர்ந்தவரில் அது இடப்புறம் ஐந்தாம் விலா இடைவெளியில் ஒரு விரல் அகலத்தில் தட்டுப்படும். இதயம் பெருத்தால் அது கீழேயும் வெளியேயும் நகரும். சில நோயாளர்களில் அந்த இடத்தில் ஒரு விசித்திரமான அதிர்வு கைக்குப் படுவதையும், வால்வு ஒடுங்கிப்போனவர்களிலேயே அது காணப்படுவதையும் அவர் எழுதிவைத்தார். அவருடைய மாணவர் ஒருவர் பின்னர் அந்த அதிர்வுக்குப் 'பூனையின் குறுகுறுப்பு' என்று பெயர் வைத்தார். மடியில் படுத்திருக்கும் பூனையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

அந்த மாணவர்தான் ரெனே லயெனெக். 1781இல் பிரித்தானி மாகாணத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்து, நாந்த் நகரில் வைத்தியராக இருந்த தகப்பனின் சகோதரரிடம் வளர்ந்தவர். மெலிந்த உடல், புல்லாங்குழல் வாசிப்பார், கடைசல் வேலையும் தெரியும். 1816இல் பாரிஸின் நெக்கர் வைத்தியசாலையில் பொறுப்பேற்ற வருடத்தில், இதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் அவரிடம் வந்தாள். பருத்த உடலாகையால் தட்டியும் தொட்டும் எதுவும் அறிய முடியவில்லை. நெஞ்சில் நேரே காதை வைப்பதற்கு அவளுடைய வயதும் பெண் என்ற நிலையும் இடம் தரவில்லை. நீண்ட மரத்தின் ஒரு நுனியில் ஊசியால் சுரண்டினால் மறு நுனியில் காதை வைத்தவருக்கு அது தெளிவாகக் கேட்கும் என்பது அவருக்கு நினைவு வந்தது. ஒரு கட்டுக் காகிதத்தை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை அவளுடைய நெஞ்சிலும் மறு முனையைத் தமது காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாக இதயம் ஒலித்தது.

நமது பெண்கள் வைத்தியசாலையில் பெண் டொக்டரைத் தேடும்போதும், திரையை இழுத்துவிடச் சொல்லும்போதும், அதைப் பின்தங்கிய மனப்பான்மை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உலகிலுள்ள டொக்டர்களின் கழுத்திலெல்லாம் தொங்கும் கருவி ஒரு பெண்ணின் கூச்சத்தை ஒரு வைத்தியர் மதித்ததால் பிறந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லிவைக்கலாம்.

காகிதச் சுருளுக்குப் பதிலாக ஏறத்தாழ ஓர் அடி நீளமான மர உருளைகளை லயெனெக் தாமே கடைந்தெடுத்தார். மூன்று வருடங்களாகக் கேட்டதை எழுதினார். அந்நோயாளர்கள் இறந்தபோது உடலைத் திறந்து பார்த்து, கேட்டதோடு ஒப்பிட்டார். 1819இல் அவருடைய இரண்டு பாக நூல் வெளிவந்தது. நுரையீரலைப் பொறுத்தவரை அந்நூல் ஒரு பெரும் வெற்றி. அதிலுள்ள பல சொற்களை இன்றும் வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். இதயத்தைப் பொறுத்தவரை கதை வேறு. முதலாம் ஓசை இதயவறைகள் சுருங்குவதால் வருவது என்றார். இரண்டாம் ஓசை சோணையறைகள் சுருங்குவதால் வருவது என்றார். இரண்டாவது விடை முற்றிலும் பிழை. இதயவறைகள் சுருங்குவதற்குச் சற்று முன்னர்தான் சோணையறைகள் சுருங்குகின்றன. அவருடைய காது ஒழுங்கைச் சரியாகவே கேட்டது. பொருளைத்தான் காதால் கேட்க முடியவில்லை.

இதயம் சீராகத் தட்டாமல் ஊதுவதுபோல் இரைவதையும் அவர் கேட்டார். கொல்லன் பட்டறைத் துருத்தியின் சத்தம் என்று அதை அழைத்தார். முதலில் அது வால்வு நோயின் அடையாளம் என எண்ணினார். ஆனால் அப்படி இரைந்த சில இதயங்களைத் திறந்து பார்த்தபோது வால்வுகளில் எந்தக் குறையும் இல்லை. எனவே 1826இல் வந்த இரண்டாம் பதிப்பில், அது தசையின் இறுக்கத்தால் வருவது என்று மாற்றி எழுதினார். கண்டதை மறைக்காத அந்த நேர்மையை மெச்சவேண்டும். அதே வருடம் ஓகஸ்ட் 13ஆம் திகதி தமது 45ஆவது வயதில் காசநோயால் இறந்தார். கடைசி நாட்களில் அவருடைய நெஞ்சில் உருளையை வைத்துக் கேட்டவர் அவரது உறவினரான மெரியாடெக். நோய் எதுவென்று கேட்டறியும் கலையை அந்த இளைஞருக்குக் கற்பித்தவர் லயெனெக்தான்.

அவருக்குப் பின் வந்தவர்கள் பிழையைத் திருத்தினார்கள். பாரிஸில் ரூவானே 1832இல் தமது ஆய்வேட்டில், இரண்டு ஓசைகளும் வால்வுகள் மூடுவதால் எழுவன என்று வாதிட்டார். லண்டனில் ஜேம்ஸ் ஹோப், சார்ள்ஸ் வில்லியம்ஸ் ஆகியோர் கழுதைகளை உணர்விழக்கச் செய்து, செயற்கையாக மூச்சு ஊட்டி, நெஞ்சைத் திறந்து, துடிக்கும் இதயத்தின் மீதே கருவியை வைத்துக் கேட்டார்கள். அரைமதி வால்வை ஒரு கொக்கியால் இழுத்து மூடவிடாமல் பிடித்தார்கள். இரண்டாம் ஓசை மறைந்தது. கொக்கியை எடுத்ததும் ஓசை திரும்பி வந்தது. வாசிக்கையில் நெஞ்சு பதறத்தான் செய்கிறது. ஆனாலும் பரீட்சைத் தாளிலுள்ள அந்த இரண்டு புள்ளியும் அந்தக் கழுதைகள் தந்தவை. 'லப்-டப்' என்ற அசைகளும் இதே வில்லியம்ஸின் வாயிலிருந்து வந்தவைதான்.

இதன் பின்னர் ஐம்பது வருடகாலம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காதுகளின் போட்டி நடந்தது என்று சொல்லலாம். டப்ளினில் கொரிகன் 1832இல் தொகுதிப் பெருநாடியின் வால்வு சரியாக மூடாத நோயை விவரித்தார். கழுத்து நாடிகள் துள்ளுவதைக் கண்ணால் பார்த்தே அதை ஊகிக்கலாம் என்றார். பாரிஸில் பொத்தேன், மூச்சை உள்ளிழுக்கும்போது இரண்டாம் ஓசை இரண்டாகப் பிரிவதை விளக்கினார். துரோசியே, இருகூர் வால்வு ஒடுங்கிய இதயத்தின் தாளத்தை 'ஃபுட்-டட்டா-ரூ' என்ற விதமாக அசைகளாக்கினார். றபான் அடிப்பவர் தாளத்தை முதலில் வாயால் சொல்லிப் பழகுவதைப் போன்றது இது. அமெரிக்கரான ஒஸ்டின் ஃபிளின்ட் 1862இல் எல்லோரையும் குழப்பினார். இருகூர் வால்வு ஒடுங்கியதற்கேயுரிய முணுமுணுப்பு இரண்டு நோயாளர்களில் கேட்டது. உடலைத் திறந்து பார்த்தபோது அந்த வால்வில் ஒரு குறையுமில்லை, பழுதடைந்திருந்தது பெருநாடி வால்வு. இதற்கிடையில் 1850களின் தொடக்கத்தில் இரண்டு காதுக்குமான குழாய்க் கருவிகளும் வந்துவிட்டன.

இருகூர் வால்வு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இந்த வரலாற்றின் மையம் அதுதான். சிறுவருக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டை நோ வருகிறது. தொண்டை சுகமான சில வாரங்களின் பின் சிலருக்கு மூட்டுகள் மாறி மாறி வீங்கி, காய்ச்சல் அடிக்கிறது. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் படையே இப்போது இதயத்தின் வால்வைத் தாக்குகிறது. வாதக் காய்ச்சல் என்பது இதுதான். பிள்ளை எழுந்து நடமாடத் தொடங்கிவிடும். வால்வு மட்டும் வருடக்கணக்கில் மெல்லமெல்லத் தடித்து, ஒட்டி, ஒடுங்கி, கடைசியில் சட்டைப் பொத்தானின் துளைபோல் ஆகிவிடும். அதை வைத்தியர் தேடும் முறை அழகானது. முதலில் நோயாளியின் கன்னத்தையும் கழுத்து நாளங்களையும் பார்ப்பார். நெஞ்சில் உள்ளங்கையை வைப்பார். பின்பு நோயாளியை இடப்புறமாகச் சரித்துப் படுக்கவைத்து, கருவியின் கிண்ணப் பக்கத்தை மெதுவாக, அழுத்தாமல், இதய நுனியில் வைப்பார். உரத்த முதலாம் ஓசை கேட்கும். இரண்டாம் ஓசைக்குச் சற்றுப் பின்னே ஒரு சொடுக்கு. அதன் பின், தூரத்தில் வண்டி ஓடுவது போன்ற ஓர் ஆழ்ந்த உருளல். அழுத்திப் பிடித்தால் அந்த உருளல் மறைந்துவிடும். தேடத் தெரியாதவருக்கு அது கேட்காது.

கேட்கத் தெரிந்தவர்கள் பெருகியதும் வேறொரு தொல்லை தொடங்கியது. எந்த நெஞ்சில் இரைச்சல் கேட்டாலும் அது நோய் என்றானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எத்தனையோ சிறுவர்கள் மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்தப்பட்டார்கள். இளைஞர்களுக்கு ஆயுள் காப்புறுதி மறுக்கப்பட்டது, பெண்களிடம் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. டப்ளினின் ஸ்ரோக்ஸ் தமது 21ஆவது வயதில் ஆங்கிலத்தில் இக்கருவியைப் பற்றி நூல் எழுதியவர். அவரே பிற்காலத்தில் முணுமுணுப்பைவிட இதயத் தசையின் நிலைதான் முக்கியம் என்று எச்சரித்தார். 1909இல் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், சுகதேகிகளான சிறுவரில் கேட்கும் ஒருவகை முணுமுணுப்பைப் பிரித்துக் காட்டினார். இழுத்துக் கட்டிய நரம்பைச் சுண்டியது போன்ற, இசைத்தன்மை கொண்ட ஓசை. அதற்கு ஒரு தீங்குமில்லை, பிள்ளை வளர வளர அது போய்விடும்.

பொருள் சொல்வதில் பெரிய மாற்றத்தைச் செய்தவர் ஜேம்ஸ் மெக்கன்சி. ஸ்கொட்லாந்துக்காரர். பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். 1879 முதல் ஏறத்தாழ 28 வருடம் ஆங்கிலேய ஆலை நகரான பர்ன்லியில் சாதாரணக் குடும்ப வைத்தியராக இருந்தவர். இதய நோயோடு இருந்த இளம் கர்ப்பிணி ஒருத்தி பிரசவ வேளையில் அவருடைய கண்முன் இறந்தாள். யாரைப் பற்றிப் பயப்படவேண்டும், யாரைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை என்பது தமக்குத் தெரியவில்லை என்று அன்று அவர் உணர்ந்தார். பெரிய வைத்தியசாலை நிபுணர் நோயாளியை இரண்டு மூன்று வாரம் பார்ப்பார், பிறகு அவன் எங்கே போனான் என்று அவருக்குத் தெரியாது. ஆலை நகர வைத்தியரோ அதே மனிதனை இருபது வருடம் பார்ப்பார், அவனுடைய பிள்ளைகளையும் பார்ப்பார். மெக்கன்சி அப்படியே பின்தொடர்ந்தார். நாளத்தின் துடிப்பையும் நாடியின் துடிப்பையும் ஒரே தாளில் வரையும் கருவியொன்றையும் ஊர்க் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் உதவியோடு செய்துகொண்டார். இரைந்த இதயங்களில் பல, ஆலையில் பாரம் தூக்கிக்கொண்டு முதுமைவரை ஓடின. ஓரிடத்தில் நீண்ட காலம் இருப்பவர்கள் மட்டும் காணக்கூடிய உண்மை இது. கிராமத்து ஆசிரியனான எனக்கு இந்த மனிதரில் தனி விருப்பம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

இது பழைய கதை என்று எண்ணவேண்டாம். சில வருடங்களுக்கு முன்னர் எமது பாடசாலைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். தரம் 7இல் ஒரு மாணவியின் நெஞ்சில் முணுமுணுப்பு கேட்கிறது என்று கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவளுடைய உம்மா என்னிடம் வந்தார்.

"சேர், புள்ளைக்கு நெஞ்சில ஓட்டையாம். இனி ஓட்டம், விளையாட்டு ஒண்டுக்கும் விடாதீங்க."

"ஓட்டை எண்டு டொக்டர் சொன்னாரா?"

"அவர் சத்தம் கேக்குதெண்டுதான் சொன்னார் சேர். ஊருக்குள்ள ஓட்டை எண்டு சொல்றாங்க. நாளைக்கு இவளுக்கு ஒரு மாப்பிள்ள பேச வேணாமா?"

நகரத்தில் எக்கோ எடுத்துப் பார்த்தபோது இதயத்தில் எந்தக் குறையுமில்லை. ஸ்டில் சொன்ன அந்த நரம்பிசைதான். ஆனாலும் சாதாரண தரப் பரீட்சை வரை அவளை வலைப்பந்து அணியில் சேர்க்க வீட்டார் உடன்படவில்லை. அதே நாளில் அதே வார்த்தையை எழுதிக் கொடுத்த இன்னொரு மாணவனுக்கோ வாதக் காய்ச்சல் வந்து போயிருந்தது. அவன் மாதந்தோறும் ஊசிக்காக பஸ் ஏறினான். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பேருக்கும் 'ஓட்டை' என்பதுதான்.

முதலாம் உலகப் போரில் மெக்கன்சியின் பாடத்துக்குப் பெரும் சோதனை வந்தது. மூச்சு வாங்குகிறது, படபடக்கிறது என்று ஆயிரக்கணக்கான போர்வீரர்கள் இதய நோயாளர்களாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். லண்டன் ஹாம்ஸ்டெட்டில் அமைத்த விசேட வைத்தியசாலையில் அவருடைய சீடரான தோமஸ் லூயிஸ் அவர்களைப் படுக்கவைக்காமல் படிப்படியாகத் தேகப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார். கணிசமானோருக்கு இதயத்தில் நோயே இல்லை. முணுமுணுப்பைக் கண்டு அஞ்சாதே, தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று பார் என்பது அக்காலத்தின் தாரக மந்திரமாயிற்று.

அந்த மந்திரம் மறுபக்கம் வெட்டியதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தசைதான் முக்கியம், வால்வு இரண்டாம்பட்சம் என்றால், ஒடுங்கிய வால்வைத் திறந்து என்ன பயன்? 1902இல் லோடர் பிரன்டன் இருகூர் வால்வைச் சத்திரசிகிச்சையால் விரிக்கலாம் என்று யோசனை சொன்னபோது கண்டனமே கிடைத்தது. 1923இல் பொஸ்டனில் எலியட் கட்லர் ஒரு சிறுமியின் வால்வைக் கத்தியால் வெட்டித் திறந்தார். அவள் நான்கரை வருடம் வாழ்ந்தாள். அடுத்தடுத்த நோயாளர்களோ பெரும்பாலும் பிழைக்கவில்லை. வெட்டிய வால்வு மூடாமல் குருதி பின்னோக்கிப் பாய்ந்தது. மெக்கன்சி இறந்த அதே 1925இல், மே மாதம், லண்டனில் ஹென்றி சூட்டர் ஓர் இளம்பெண்ணின் துடிக்கும் இதயத்தில் சோணையறையின் மடல் வழியே தமது சுட்டுவிரலை நுழைத்து, வால்வைத் தடவிப் பார்த்து, விரலாலேயே விரித்தார். வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த நோயை முதன்முதலாக ஒரு விரல் உள்ளே போய்த் தொட்டது. அவள் சுகமடைந்து சில வருடம் வாழ்ந்தாள். ஆனால் அதன் பின்னர் எந்த வைத்தியரும் ஒரு நோயாளியைக்கூட சூட்டரிடம் அனுப்பவில்லை. வால்வு அல்ல, தசையே பிரச்சினை என்று அவர்கள் நம்பினார்கள்.

இருபத்துமூன்று வருடம் கதவு மூடிக் கிடந்தது. 1948 ஜூன் 10ஆம் திகதி பிலடெல்பியாவில் சார்ள்ஸ் பெய்லி, காலையில் ஒரு வைத்தியசாலையிலும் பிற்பகலில் இன்னொரு வைத்தியசாலையிலுமாக இரண்டு நோயாளர்களுக்கு இதைச் செய்தார். அதற்கு முன்னரே அவருடைய கையில் பலர் இறந்திருந்தார்கள். காலையில் நடந்ததிலும் நோயாளி பிழைக்கவில்லை. செய்தி பரவினால் தடுத்துவிடுவார்கள் என்பதால்தான் ஒரே நாளில் இரண்டு இடம். பிற்பகலில் படுத்த பெண் பிழைத்தார். ஆறு நாளில் பொஸ்டனில் ஹார்கனும், செப்டெம்பரில் லண்டனில் புரொக்கும் வெற்றி கண்டார்கள். இடைப்பட்ட அந்த இருபத்துமூன்று வருடத்தில் சட்டைப் பொத்தான் துளையோடு மூச்சுத் திணறி இறந்த இளம் தாய்மாரை யார் கணக்கெடுத்தார்கள்? மெக்கன்சியைக் குற்றம் சொல்ல என் மனம் இடந்தரவில்லை. அவருடைய பாடம் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்ட பிள்ளைகளும் உண்மையானவர்களே. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பாடத்தை மனனம் செய்தார்கள், சரிபார்க்கவில்லை.

சத்திரசிகிச்சை வந்ததும் காது போதாமற்போனது. வால்வு ஒடுங்கியது மட்டுமா, கசியவும் செய்கிறதா என்று நெஞ்சைத் திறப்பதற்கு முன்னரே தெரியவேண்டும். சுவீடனின் லுண்ட் நகர வைத்தியர் எட்லர் இதைத்தான் கேட்டார். அவருடைய நண்பரான பௌதிகவியலாளர் ஹெர்ட்ஸ், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் உள்வெடிப்பைக் கண்டறியப் பயன்பட்ட மீயொலிக் கருவியைப் பார்த்து, அத்தகைய ஒன்றை இரவல் வாங்கினார். 1953 ஒக்டோபரில் அது இதயத்தின் அசைவைத் திரையில் வரைந்தது. இன்று நமது மக்கள் எக்கோ என்று சொல்வதன் மூதாதை அது. பத்து வருடத்தில் ஜொஹானஸ்பேர்க்கில் ஜோன் பார்லோ இன்னொரு பழைய விளக்கத்தை மாற்றினார். இதயம் சுருங்கும் வேளையின் பின்பாதியில் வரும் சொடுக்கும் முணுமுணுப்பும் இதயத்துக்கு வெளியேயிருந்து வருபவை என்று அரை நூற்றாண்டாகக் கற்பித்து வந்தார்கள். இதயவறைக்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்கதிர்ப் படமெடுத்தபோது, அது இருகூர் வால்வின் கசிவு என்று 1963இல் அவர் காட்டினார்.

இப்போது ஊசல் மறுபக்கம் போகிறது. 1997இல் அமெரிக்காவில் பயிற்சி வைத்தியர்களுக்கு ஒலிநாடாவில் இதய ஓசைகளைப் போட்டுச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றைத்தான் அவர்கள் சரியாக இனங்கண்டார்கள். திரை இருக்கும்போது காதை யார் தீட்டுவார்? நல்ல காதுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பாடசாலைப் பிள்ளைகளை முதலில் வழமைபோல் கேட்டும் பின்னர் எக்கோவாலும் பார்த்தார்கள். கேட்டு, எக்கோவால் உறுதிசெய்த வகையில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகமானோரிடம் வாதக் காய்ச்சலின் வால்வுப் பாதிப்பு இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் எக்கோ செய்தபோது கம்போடியாவில் ஆயிரத்துக்கு 21 பேருக்கு மேலும் மொசாம்பிக்கில் 30 பேரும். பத்து மடங்கு. அந்த வால்வுகள் பழுதடையத் தொடங்கியிருந்தன, ஆனால் இன்னும் ஓசை எழுப்பவில்லை.

ஓசை எழுப்பாத பாதிப்புக்கு மருந்து தேவையா என்பது அடுத்த தர்க்கமானது. உகண்டாவில் அப்படி எக்கோவால் மட்டும் கண்டறிந்த ஏறத்தாழ 800 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டார்கள். மறு பாதியினருக்குப் போடவில்லை. இரண்டு வருடத்தின் பின் முடிவு 2022இல் அச்சில் வந்தது. ஊசி போட்டவர்களில் மூன்று பேருக்கு வால்வு மேலும் பழுதடைந்திருந்தது, போடாதவர்களில் 33 பேருக்கு.